ஒரே வேடத்துக்கு நானும் என் தோழியும்: எனக்குச் சொன்ன திருத்தத்தை அவளிடம் மறைத்துவிட்டேன்

நீலத்திரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நடிப்பிலும் பொம்மலாட்டத்திலும் இருப்பவர்கள் இங்கே பலர் எழுதுகிறீர்கள். அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் என் தோழிக்கும் ஒன்பது வருடப் பழக்கம். ஒரே நாடகப் பட்டறையில் சேர்ந்தோம். அன்றிலிருந்து ஆடிஷனுக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்றால் ஒருத்தி நடிப்பாள், இன்னொருத்தி போனைப் பிடித்துக்கொண்டு எதிர் வசனம் படிப்பாள். எனக்காக அவள் போலீஸ்காரராக, டாக்டராக, கோபக்கார அப்பாவாக, ஒரு தடவை பேசும் மரமாகக்கூட கேமராவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். நான் எந்த வார்த்தையில் மூச்சு வாங்குவேன் என்பதுகூட அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வேடத்துக்குப் போட்டியிட்டதே இல்லை. அவள் உயரம், நான் குள்ளம். அவளுக்கு மேடைக்குரல், கடைசி வரிசை வரை போகும். எனக்குச் சின்னக் குரல்.

இப்போது ஒரு குழந்தைகள் நிகழ்ச்சி வந்திருக்கிறது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு. 26 எபிசோட். அதில் மனிதர் ஒரே ஒருவர்தான், உடைந்த பொம்மைகளைச் சரிசெய்து தரும் அக்கா. மற்ற எல்லோரும் கைப்பாவைகள். இருவரும் ஒரே நாளில், என் அறையில், என் நீலப் போர்வையைப் பின்னால் தொங்கவிட்டு வீடியோ எடுத்து அனுப்பினோம். இருவரும் தேறினோம். இரண்டாம் சுற்றுக்கு நேரில் கூப்பிட்டார்கள், அதிலும் இருவரும் தேறினோம். கடைசிச் சுற்றில் மொத்தம் நான்கு பேர். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் சுற்றில் எனக்குக் கொடுத்த காட்சியில், காது கிழிந்த ஒரு பொம்மை ஊசிக்குப் பயந்து கிட்டே வர மறுக்கிறது. குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று நான் குரலை உயர்த்தி, கண்ணை விரித்து, கையை ஆட்டி நடித்தேன். தேர்வு செய்யும் அம்மா பாதியில் நிறுத்தினார். "குரலைப் பாதியாக் குறைச்சுக்குங்க. கேள்வி கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. லென்ஸுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குழந்தைதான் உட்கார்ந்திருக்கு" என்றார்.

மறுபடி செய்தேன். "வலிக்கும்னு பயமா?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் நான்கு எண்ணினேன். அந்த நான்கு விநாடியில் பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தவர், ஸ்க்ரிப்டில் இல்லாமலேயே, பொம்மையின் தலையை லேசாகச் சாய்த்தார். அறையே அமைதியாகிவிட்டது. இந்த வேடத்தின் சாவி என் கைக்கு வந்துவிட்டது என்று அப்போதே தோன்றியது.

இருபது நிமிடம் கழித்து என் தோழி அவளுடைய முறை முடிந்து வெளியே வந்தாள். "உனக்கு ஏதாவது திருத்தம் சொன்னாங்களா?" என்று கேட்டாள். "பெருசா ஒண்ணும் இல்லை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. அவள் இயல்பிலேயே பெரிதாக நடிப்பவள். கடைசிச் சுற்றிலும் அப்படியே போனால் அவளுக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன். அது தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை வழக்கம்போல ஒத்திகைக்கு வருகிறாள். பொம்மையின் வசனத்தை நான் படிப்பேன், அவள் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போவாள், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வேடம் எனக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எனக்குத் திக்குவாய். கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் நான் முடிப்பதற்குள் அவர்களே வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். டிவியில் ஒரு நிகழ்ச்சியில் வரும் மாமா மட்டும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான் முழு வாக்கியத்தில் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று ஆசை.

சொல்லிவிடவா? ஒத்திகையைத் தள்ளிப்போடவா? என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒத்திகை_அறை (பதில்)

முதலில் ஒன்று. அந்த அறைக்குள் உங்களுக்குச் சொன்ன திருத்தம் உங்களுடையது. அதை யாருக்கும் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஒன்பது வருட நட்பாக இருந்தாலும் சரி. இதற்காக உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் "ஒண்ணும் இல்லை" என்று சொன்னதை நீங்கள் சரிசெய்ய வேண்டும், அதுவும் புதன்கிழமைக்குள். போன் பண்ணி, "அன்னைக்கு ஒரு திருத்தம் சொன்னாங்க, நான் உன்கிட்ட மறைச்சுட்டேன், கடைசிச் சுற்று முடியற வரைக்கும் அதைப் பத்தி வேண்டாம், அப்புறம் எல்லாம் சொல்றேன்" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆகும், உங்களுக்குக் கிடைத்ததும் உங்களிடமே இருக்கும். அவளும் நடிகைதானே, புரிந்துகொள்வாள்.

இந்தக் காட்சிக்கு மட்டும் இருவரும் வேறு வேறு ஆளை வைத்து ஒத்திகை பாருங்கள். எதிராளியின் வாயால் எதிர் வசனம் கேட்டுப் பழகினால் அவர் தாளம் உங்களுக்கு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் இருவரும் ஒரே மாதிரி நடித்து, நான்கு பேரில் இரண்டு பேர் நகல் போலத் தெரிவீர்கள்.

கைப்பாவை (பதில்)

பாரும்மா, நான் பதினாலு வருடமாக டிவிக்குக் கைப்பாவை ஆட்டுகிறவன். மேசைக்கு அடியிலிருந்து நிறைய அக்காக்களையும் அண்ணன்களையும் பார்த்திருக்கிறேன். மேலே எழுதிய நண்பரோடு எனக்குப் பாதிதான் உடன்பாடு. பொய்யைச் சரிசெய்ய வேண்டும் என்பது சரி. திருத்தத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பொருந்தவில்லை.

நீ கண்டுபிடித்ததாக நினைக்கும் அந்த இடைவெளி ரகசியமே இல்லை. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சி முழுக்க அதன்மேல்தான் நின்றது. அதை நடத்திய ஸ்டீவ் பர்ன்ஸ் கேமராவைப் பார்த்துக் கேட்பார், பிறகு சும்மா நிற்பார். வீட்டில் இருக்கும் குழந்தை யோசித்து, வாய் திறந்து, சொல்லி முடிக்க அந்த நேரம் வேண்டும். ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். முதல் நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை வாரக் கடைசியில் கத்திப் பதில் சொல்லும். பெரியவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது, அவ்வளவுதான். நீ சொல்லாவிட்டாலும், உன் தோழி பழைய எபிசோட் ஒன்றைப் பார்த்தால் போதும், அரை மணியில் பிடித்துவிடுவாள்.

நீ எழுதியதில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. பொம்மை ஸ்க்ரிப்டில் இல்லாமல் தலையைச் சாய்த்தது என்றாயே, அது எங்களுக்குத் தானாக வராது. எதிரே இருப்பவர் பொம்மையின் முகத்தை உண்மையாகப் பார்த்துக் காத்திருந்தால்தான் எங்கள் கை அசையும். முக்கால்வாசிப் பேர் பொம்மையைப் பார்ப்பதில்லை, கீழே குனிந்திருக்கும் எங்களைத்தான் பார்ப்பார்கள், இல்லையென்றால் கேமராவைப் பார்ப்பார்கள். நீ பார்த்திருக்கிறாய். அது உன்னோடு கூடவே வரும், நீ யாருக்கு எதைச் சொன்னாலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி 1969இல் ஆரம்பித்ததிலிருந்து பிக் பேர்ட் என்ற அந்த 8 அடி 2 அங்குல மஞ்சள் பறவைக்குள் இருந்தவர் கேரல் ஸ்பின்னி. வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் பறவையின் தலையை ஆட்ட வேண்டும். வெளியே எதுவும் தெரியாது, மார்பில் கட்டிய ஒரு சின்ன மானிட்டரில்தான் பார்க்க வேண்டும். இதை எல்லாம் 1990களிலிருந்தே மேட் வோகல் என்ற இளையவருக்குப் பழக்கினார்கள். ஸ்பின்னி 2015இல் உள்ளே நிற்பதை நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் கொடுத்தார், 2018இல் ஓய்வு பெற்றார். ஒரே பறவையை இரண்டு பேர் இருபது வருடம் பகிர்ந்திருக்கிறார்கள். தனக்குத் தெரிந்ததை மூத்தவர் மறைத்திருந்தால் அந்தப் பறவை அவரோடு முடிந்திருக்கும்.

சொல்லிவிடும்மா. சொல்லிவிட்டு நன்றாகத் தூங்கு. தூக்கமில்லாத கண் கேமராவில் அப்படியே தெரியும்.

மூன்றாம்வரிசை (பதில்)

நான் சில வருடம் நடிகர் தேர்வில் உதவியாளராக இருந்தேன். மேசைக்கு எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

இரண்டாம் சுற்றில் கொடுக்கும் திருத்தம் பெரும்பாலும் "எங்களுக்கு இதுதான் வேண்டும்" என்று சொல்வதற்காக இல்லை. இவரால் மாற்றி நடிக்க முடிகிறதா என்று பார்ப்பதற்குத்தான். உரக்க நடித்தவரிடம் குறைக்கச் சொல்வோம். அடக்கி நடித்தவரிடம் கூட்டச் சொல்வோம். சில சமயம் முதல் முறையே சரியாக இருக்கும், இருந்தாலும் வேறு மாதிரி கேட்போம். 26 எபிசோட் என்றால் மாதக்கணக்கில் தினமும் ஒரு இயக்குநர் ஏதாவது மாற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார். முகம் சுளிக்காமல் அடுத்த டேக்கில் மாற்றுகிறவர்தான் எங்களுக்குத் தேவை.

அதனால் உங்களுக்குச் சொன்னது உங்கள் தோழிக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம். அவளிடம் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் கேட்டீர்களா? உங்கள் பதிவில் அது இல்லை.

கடைசிச் சுற்றில் பல விஷயம் உங்கள் நடிப்புக்கு வெளியே முடிவாகும். பொம்மைகளின் மேடை இவ்வளவு உயரம் என்று ஏற்கெனவே செய்துவைத்திருந்தால், பக்கத்தில் நிற்பவரின் உயரம் பார்ப்பார்கள். முக்கியப் பொம்மைக்குக் கீச்சுக்குரல் என்றால் மனிதக் குரல் கனமாக இருக்க வேண்டும் என்பார்கள். நான்கு பேரையும் அதே பொம்மலாட்டக்காரர்களோடு மாற்றி மாற்றி நிற்க வைப்பார்கள். அவர்களுக்கு யாரோடு வேலை செய்யப் பிடிக்கிறது என்பதற்கு மதிப்பு உண்டு. படப்பிடிப்புத் தேதிகள் இடிக்காமல் இருப்பதும் ஒரு காரணம்தான். மிக நன்றாக நடித்த ஒருவரை விட்டுவிட்டு இன்னொருவரை எடுத்த நாட்களில், வெளியே போனவருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரிப்டை வெளியிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கதை விவரத்தை இங்கே இதற்கு மேல் எழுத வேண்டாம்.

நீலத்திரை

@மூன்றாம்வரிசை: கதையையும் வேடத்தையும் மாற்றித்தான் எழுதினேன், கவலைப்படாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. நான் அவளிடம் கேட்கவே இல்லை. அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன், உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசற்படி (பதில்)

நான் நடிப்பை விட்டுவிட்டேன். இருந்தாலும் ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. நானும் ஒரு சிநேகிதியும் ஒரே வேடத்துக்குப் போனோம். அவளுக்குக் கிடைத்தது. என் மனது கஷ்டப்படும் என்று என்னிடம் சொல்லாமலே இருந்தாள். மூன்று வாரம் தினமும் பேசிக்கொண்டிருந்தோம், நானும் தினமும் "ஏதாவது தகவல் வந்ததா?" என்று கேட்டேன். கடைசியில் படப்பிடிப்பில் எடுத்த ஒரு குரூப் போட்டோவை யாரோ அனுப்ப, அதில் அவள் நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. அவள் அன்பினால்தான் மறைத்தாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த மூன்று வாரத்தை என்னால் கடக்க முடியவில்லை.

போன் யாருக்கு வந்தாலும் அன்றைக்கே மற்றவருக்குச் சொல்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மெசேஜில் வேண்டாம், குரலில் சொல்லுங்கள்.

நீலத்திரை

புதன் இரவு எழுதுகிறேன். சொல்லிவிட்டேன்.

அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன், இல்லையென்றால் சொல்லியிருக்க மாட்டேன். திருத்தம், நான்கு விநாடி, பொம்மை தலை சாய்த்தது, நான் "ஒண்ணும் இல்லை" என்றது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குத் தேர்வில் அவளிடம் அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? "இன்னும் பெருசாப் பண்ணுங்க, ஏன் கூச்சப்படுறீங்க?" சின்னக் குழந்தைகள் மிரண்டுவிடக் கூடாது என்று அவளாகவே குரலை அடக்கிக்கொண்டு நடித்திருக்கிறாள். ஒன்பது வருடமாக அவள் எல்லாவற்றையும் பெரிதாகத்தான் செய்வாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டதே, அதைச் சொல்லி என்ன செய்யலாம் என்று பேசத்தானாம். "நீ ஒண்ணும் இல்லைன்னு சொன்னதும், உனக்கு எல்லாம் சரியாப் போயிருக்கு, என்னை மட்டும்தான் நிறுத்தினாங்கன்னு நெனச்சேன். அஞ்சு நாளா நான் தோத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்டி" என்றாள். நான் மறைத்ததால் எனக்கு ஏதாவது லாபம் வருமா என்றுதான் இத்தனை நாளும் யோசித்தேன். அதனால் அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். உடனே சரியென்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நீலப் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் "சரி, பொம்மை வசனத்தை எடு" என்றாள்.

@ஒத்திகை_அறை, நீங்கள் சொன்னபடி தனித்தனியாகப் பழகலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள். ஆனால் தாளம் ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னது உண்மை. அவள் காத்திருக்கும்போது நானும் மனசுக்குள் எண்ணுகிறேன் என்று கண்டுபிடித்தாள். அதனால் ஒருத்தி நடிக்கும்போது மற்றவள் வசனத்தைத் தட்டையாக, உணர்ச்சியே இல்லாமல் படிப்பது என்று வைத்துக்கொண்டோம். @வாசற்படி, போன் விஷயமும் பேசிவிட்டோம். உங்கள் பதிவை அவளுக்கும் காட்டினேன்.

நீலத்திரை

கடைசிச் சுற்று முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அவளுக்குத்தான் கிடைத்தது. போன் வந்த பத்தாவது நிமிடம் என்னைக் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அவள் முதல் வார்த்தை சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். "சந்தோஷம்டி. எனக்கு மூணு நாள் குடு" என்றேன். கொடுத்தாள். அந்த மூன்று நாளும் நான் அழுதேன், அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. @மூன்றாம்வரிசை எழுதியதை நான்கைந்து தடவை படித்தேன். வலி குறையவில்லை, ஆனால் கடைசிச் சுற்றில் செய்த ஒவ்வொரு அசைவையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது நின்றது.

நான்காம் நாள் அவள் ஸ்க்ரிப்ட் கட்டோடு வந்தாள். வெளி ஆள் ஒருவரோடு ஒத்திகை பார்க்க அனுமதி கேட்டு, நானும் ரகசியக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் பொம்மைகளின் வசனம் எல்லாம் நான்தான் படிக்கிறேன்.

கைப்பாவை அண்ணா, உங்களிடம் ஒரு உதவி. நான் கையில் ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு படிக்கிறேன். அவள் பார்வை சாக்ஸில் நிற்கவே மாட்டேன் என்கிறது, என் முகத்துக்கு வந்துவிடுகிறது. ஒன்பது வருடப் பழக்கம், என்னைப் பார்த்துத்தான் வசனம் சொல்வாள். நீங்கள் அன்றைக்குச் சொன்னது இதுதானே? நான் எங்கே உட்கார வேண்டும், கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்வீர்களா?

கைப்பாவை

நல்ல கேள்விம்மா. தப்பு அவளிடம் இல்லை, நீ உட்காரும் இடத்தில். எதிரே உட்காராதே. ஒரு மேசையைப் போட்டு அதற்குப் பின்னால் தரையில் உட்கார், உன் தலை மேலே தெரியவே கூடாது. முகம் இல்லையென்றால் அவளுக்குச் சாக்ஸைத் தவிர வேறு போக்கிடம் இருக்காது.

சாக்ஸில் இரண்டு பட்டன் தைத்துவிடு, கண்ணுக்கு. இரண்டையும் கொஞ்சம் நெருக்கமாக வை, அப்போதுதான் அது எங்கேயோ பார்ப்பது போல் இருக்காமல் அவளையே பார்க்கும். முழங்கையை நேராக மேலே நிறுத்தி, மணிக்கட்டை முன்னால் மடக்கு. பலரும் மணிக்கட்டை நேராக விட்டுவிடுவார்கள், பொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வாயை அசைக்கும்போது மேல் நான்கு விரலைத் தூக்காதே, கட்டை விரலைக் கீழே இறக்கு. மேல் விரலைத் தூக்கினால் வார்த்தையின் ஒவ்வொரு அசைக்கும், அதாவது ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும், பொம்மையின் தலை பின்னால் போய்வரும், கண் அவளை விட்டு நகர்ந்துவிடும். அசைக்கு ஒரு திறப்பு போதும். பேசாத நேரத்தில் கையை மரம் மாதிரி வைக்காமல் மூச்சு விடுவதுபோல் லேசாக அசைத்துக்கொண்டிரு.

மேசைக்கு அடியிலிருந்து உனக்கு ஒன்றும் தெரியாது. போனை மேசைக்கு எதிரே கேமராவாக வைத்து, அதன் படத்தை ஒரு லேப்டாப்பில் உன் மடி அருகே வரும்படி செய்துகொள். நாங்களும் மானிட்டரைப் பார்த்துத்தான் ஆட்டுகிறோம். அது கண்ணாடிபோல் திருப்பிக் காட்டாது, இடது வலது முதல் இரண்டு நாள் குழப்பும், பழகிவிடும்.

பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். கையை இறக்கி ஓய்வெடு, பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதே. அப்புறம் அவளுடைய அந்த நான்கு விநாடியில் நீ அசையலாம், ஆனால் முதல் இரண்டு விநாடி அசையாதே. அது வீட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு.

அடுத்து உன்னுடைய ஆடிஷன் வீடியோ எடுக்கும்போது அவளையும் அதே மேசைக்குப் பின்னால் உட்காரச் சொல். அவள் உயரம் என்றாயே, குனிந்து உட்கார ஒரு திண்டு வைத்துக்கொள்ளட்டும்.